அவையில் கிடைப்பதும் வராந்தாவில் கிடைப்பதும்: முனைவர் பட்ட ஆய்வாளரும் அறிவியல் மாநாடுகளும்

முனைவர் பட்டத்துக்காக ஆய்வு செய்யும் ஒருவருக்கு அறிவியல் மாநாட்டுக்குப் போவதால் என்ன கிடைக்கிறது? எளிய கேள்விதான். ஆனால் இதுவரை வந்திருக்கும் பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. அவை என்பது ஆய்வை உரசிப் பார்க்கும் இடம் என்பது பழைய பதில். அரங்கில் நடப்பது சடங்கு, காரியம் நடப்பது தேநீர் இடைவேளையில் என்பது இன்னொன்று. சான்றிதழுக்குத்தான் போகிறார்கள், வேறென்ன என்று அலுத்துக்கொள்பவர்களும் உண்டு. நாம் ஏன் அவையைத் தேடிப் போகவேண்டும், அறிஞர்களை இங்கே அழைப்போம் என்று செய்து காட்டியவர்களும் சென்னையில் இருந்திருக்கிறார்கள்.

இந்தப் பதில்களைச் சோதிக்கச் சென்னைப் புறநகரான குன்றத்தூர் நல்ல இடம். சேக்கிழார் பிறந்த இந்த ஊரைச் சுற்றி, பல்லாவரம் சாலையிலும் ஸ்ரீபெரும்புதூர் சாலையிலும், சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் பல இருக்கின்றன. அங்கே பாடம் நடத்திக்கொண்டே பகுதி நேரமாக முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கும் உதவிப் பேராசிரியர்களின் நாள், வகுப்பு, லேப், நாக் தர மதிப்பீட்டுக் கோப்பு, விடைத்தாள் என்று கழிகிறது. ஒரு நாள் ஆன் டியூட்டி வாங்குவதே பெரும்பாடு. மாநாடுகளை எப்படிப் பயன்படுத்துவது என்று உலகெங்கும் எழுதப்படும் அறிவுரைகளில் பெரும்பாலானவை உதவித்தொகை பெறும் முழுநேர மாணவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அந்த அறிவுரைகள் இந்தப் பகுதி நேர ஆய்வாளருக்கு எவ்வளவு பொருந்தும் என்று பார்த்தால்தான் பதில்களின் உறுதி தெரியும்.

உரைகல்லாக ஓர் அவை

அவையே நீதிபதி என்னும் எண்ணம் தமிழில் மிகப் பழையது. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியதாகச் சிறப்புப் பாயிரம் சொல்கிறது. பெரியபுராணம் தில்லையின் ஆயிரங்கால் மண்டபத்தில் அரங்கேறியது என்பது மரபு. திருக்குறள் அவையறிதலுக்கு ஓர் அதிகாரமும் அவையஞ்சாமைக்கு ஓர் அதிகாரமும் ஒதுக்கியிருக்கிறது. இறையனார் களவியல் உரை பற்றிய கதை இவற்றையெல்லாம்விடச் சுவையானது. புலவர்கள் ஆளுக்கோர் உரை செய்துவர, எது மெய்யுரை என்று தீர்மானிக்கும் பொறுப்பு உருத்திரசன்மன் என்னும் ஊமைச் சிறுவனிடம் விடப்படுகிறது. நக்கீரர் உரையைக் கேட்டதும் அவன் கண்ணீர் வார்த்து மெய்சிலிர்க்கிறான், அதுவே தீர்ப்பு. பதவியும் பட்டமும் இல்லாத, பேசவே பேசாத ஒரு நடுவர். இன்றைய மாநாடுகளில் இப்படி ஒரு அமர்வுத் தலைவர் கிடைத்தால் பலர் நிம்மதியடைவார்கள்.

நவீன அறிவியலும் இதே நம்பிக்கையோடுதான் கூடத் தொடங்கியது. பிரிட்டிஷ் அறிவியல் சங்கம் 1831இல் யார்க் நகரில் கூடியது. அதன் சாயலில் 1914 ஜனவரியில் கல்கத்தாவில் இந்திய அறிவியல் மாநாடு பிறந்தது. 105 பேர் கூடினர், 35 கட்டுரைகள் படிக்கப்பட்டன. அதைத் தொடங்கிவைத்த இரு வேதியியலாளரில் ஒருவரான ஜே. எல். சைமன்சன் சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர்.

இந்தப் பார்வையின் வலு வெளிப்படை. ஆய்வேடு எழுதுகிறவர் ஆண்டுக்கணக்கில் தன் நெறியாளர் ஒருவருக்கு மட்டுமே பதில் சொல்லிப் பழகியிருப்பார். நெறியாளர் கேட்கத் தோன்றாத கேள்வியை அந்நியர் ஒருவர் கேட்பார். அந்தக் கேள்வி இறுதி வாய்மொழித் தேர்வான வைவாவில் வருவதைவிட இரண்டு ஆண்டு முன்னதாக வருவது நல்லது.

பலவீனத்தைக் காட்ட வானியற்பியலாளர் சுப்ரமணியன் சந்திரசேகரைவிடப் பொருத்தமான சான்று இல்லை. 1935 ஜனவரி 11 அன்று லண்டனில் ராயல் வானியல் கழகக் கூட்டத்தில், வெள்ளைக் குறுமீன்களின் நிறைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்ற தன் முடிவை அவர் முன்வைத்தார். வயது 24. அடுத்துப் பேசிய மூத்த வானியலாளர் ஆர்தர் எடிங்டன் அதைக் கேலிக்குரியதாக்கினார், அவை சிரித்தது. எதிர்வாதம் வரப்போகிறது என்று எடிங்டன் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை, இத்தனைக்கும் இருவரும் அடிக்கடி சந்தித்துப் பேசி வந்தவர்கள். அதே ஆண்டு பாரிஸில் நடந்த பன்னாட்டு வானியல் ஒன்றியக் கூட்டத்திலும் எடிங்டன் பேச, பதில் சொல்லச் சந்திரசேகருக்கு வாய்ப்புத் தரப்படவில்லை. பவுலி போன்ற இயற்பியலாளர்கள் தனியே சந்திரசேகர் பக்கம்தான் நியாயம் என்றார்கள். வெளிப்படையாகச் சொல்ல முன்வரவில்லை. 1983இல் அவருக்கு நோபல் பரிசு வந்தது. அந்தப் பிற்காலத் தீர்ப்பைக் காட்டி அன்றைய அவையை மன்னித்துவிடுவது எளிது. ஆனால் சந்திரசேகர் 1939இல் விண்மீன் அமைப்பு பற்றிய தன் நூலை முடித்துவிட்டு அந்தத் துறையிலிருந்தே விலகிப்போனார். அவை ஆய்வை மட்டும் எடைபோடுவதில்லை. பேசுகிறவரின் தகுதிநிலையையும் சேர்த்தே எடைபோடுகிறது. தொடக்கநிலை ஆய்வாளருக்கு இதில் தட்டு எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும்.

வராந்தாக் கட்சி

இரண்டாவது தரப்பு அரங்கத்தைவிட்டு வெளியே பார்க்கச் சொல்கிறது. இதற்கு மூத்த எடுத்துக்காட்டு 1860 செப்டம்பரில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் நடந்த வேதியியல் மாநாடு. அணு எடைகளைக் கணக்கிடும் முறையில் ஒருமை காணக் கூடிய சுமார் 140 பேர் ஒருமை காணாமலே கலைந்தார்கள். அந்த வகையில் தோல்விதான். ஆனால் இத்தாலியரான கன்னிஸாரோ எழுதிய சிறு வெளியீடு ஒன்றை அவருடைய நண்பர் பவேசி கலைந்துசெல்பவர்கள் கையில் கொடுத்தனுப்பினார். அதைப் படித்துத் தெளிவு பெற்றவர்களில் லோதர் மேயர் ஒருவர். கன்னிஸாரோவின் வாதத்தை நேரில் கேட்டு மனத்தில் இருத்திக்கொண்டவர்களில் 26 வயது மெண்டலீவ் ஒருவர். தனிம வரிசை அட்டவணைக்கு இருவரும் தனித்தனியே வந்துசேர்ந்த வழி அங்கிருந்து தொடங்குகிறது.

சென்னையிலும் இதற்கு இணையான ஒன்று நடந்திருக்கிறது. 1928இல் ஜெர்மன் இயற்பியலாளர் அர்னால்ட் சோமர்ஃபெல்ட் மாநிலக் கல்லூரிக்கு வந்து உரையாற்றினார். அப்போது அங்கே இளநிலை மாணவராக இருந்த சந்திரசேகர், அவருடைய புத்தகத்தைக் கரைத்துக் குடித்திருந்தவர், அவர் தங்கியிருந்த ஓட்டலுக்கே போய்ச் சந்தித்தார். நீ படித்த இயற்பியல் பழையதாகிவிட்டது என்ற செய்தி அங்கேதான் கிடைத்தது. உலோக எலக்ட்ரான் கோட்பாடு பற்றி இன்னும் அச்சாகாத கட்டுரையின் மெய்ப்புத் தாள்களும் கிடைத்தன. அதன் பலனாக எழுதிய கட்டுரை ராயல் சொசைட்டி இதழில் வந்தது. மேடை உரையை அன்று பலர் கேட்டிருப்பார்கள். மெய்ப்புத் தாள்களோடு திரும்பியவர், புத்தகத்தை முன்பே படித்துவிட்டு ஒரு கேள்வியோடு போனவர்.

அறிவியல் வரலாற்றாளர்களும் சமூகவியலாளர்களும் இதற்குப் பின்னாளில் கோட்பாடு அமைத்தார்கள். டெரெக் டி சோலா பிரைஸ் 1963இலும் டயானா கிரேன் 1972இலும் விளக்கிய ‘கண்ணுக்குப் புலப்படாக் கல்லூரி’, முறையான நிறுவனங்களுக்கு அடியில் ஆய்வாளர்கள் தமக்குள் கட்டிக்கொள்ளும் வலை. புதிய தகவல் நெருங்கிய நண்பர்களிடமிருந்து வருவதைவிட அரைகுறைப் பழக்கம் உள்ளவர்களிடமிருந்தே அதிகம் வருகிறது என்று மார்க் கிரானோவெட்டர் 1973இல் வாதிட்டார். மாநாடு இத்தகைய அரைகுறைப் பழக்கங்களின் சந்தை.

அண்மைக்காலத்தில் இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 2012இல் நியூ ஆர்லியன்ஸில் நடக்கவிருந்த அமெரிக்க அரசியல் அறிவியல் சங்கத்தின் ஆண்டு மாநாட்டை ஐசக் புயல் நிறுத்திவிட்டது. அங்கே படிக்கப்பட வேண்டியிருந்த கட்டுரைகளின் கதி என்னவாயிற்று என்று லியோன், மெக்குவிலின் இருவரும் வேறொரு மாநாட்டோடு ஒப்பிட்டார்கள். மாநாடு நடந்தால் ஒரு கட்டுரை பிறரால் மேற்கோள் காட்டப்படும் வாய்ப்பு ஏறத்தாழ 5 சதவீதப் புள்ளிகள் கூடுகிறது என்பது அவர்கள் கணிப்பு. ஹார்வர்டு மருத்துவ ஆய்வாளர்களிடையே நடந்த வேறொரு சோதனையில், யார் எந்த அறையில் அமர்வது என்பதைச் சீட்டுக் குலுக்கல்போலத் தீர்மானித்து 90 நிமிடம் பேசவிட்டார்கள். ஒரே அறையில் இருந்த இருவர் சேர்ந்து நிதிக்கு விண்ணப்பிக்கும் வாய்ப்பு சுமார் 75 சதவீதம் உயர்ந்தது.

75 என்பது கவர்ச்சியான எண். ஆனால் முன்பின் தெரியாத இருவர் கூட்டுச் சேரும் வாய்ப்பே மிகச் சொற்பம். அதில் முக்கால் பங்கு கூடினாலும் சொற்பம்தான். மேலும் அந்த அறைகளில் இருந்தவர்கள் ஒரே பல்கலைக்கழக வட்டத்தினர், யாரும் யாரையும் ஏற இறங்கப் பார்க்கத் தேவையில்லாதவர்கள். கழுத்தில் தொங்கும் அட்டையில் கல்லூரிப் பெயரைப் படித்துவிட்டுப் பார்வையை நகர்த்தும் பழக்கம் மாநாட்டு வராந்தாக்களில் உண்டு. ‘போய்ப் பேசு, தொடர்பு ஏற்படுத்திக்கொள்’ என்னும் அறிவுரையில் இதற்கு மருந்தில்லை.

ஆகவே அறிவுரையைச் சற்றுக் குறுக்கிச் சொல்வது நேர்மை. யாரைச் சந்திக்க வேண்டும் என்று முன்பே தெரிந்திருப்பது, அவருடைய கட்டுரைகளில் இரண்டையாவது முழுதாகப் படித்திருப்பது, மின்னஞ்சலில் ஒரு பத்தி எழுதி நேரம் கேட்பது, அவர் மட்டுமே பதில் சொல்லக்கூடிய கேள்வியோடு போவது: இந்த ஆயத்தம் கல்லூரிப் பெயரின் பாரத்தை ஓரளவு குறைக்கும் என்று நம்ப இடமிருக்கிறது. கூட்டத்தின் அளவும் பொருட்படுத்தத்தக்கது. 1931இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நீல் கார்டன் தொடங்கிய சந்திப்புகள் இன்று கார்டன் மாநாடுகள் என்று அறியப்படுகின்றன. சிறு கூட்டம், ஒரே இடத்தில் தங்கல், அங்கே பேசியதை வெளியில் மேற்கோள் காட்டக் கூடாது என்ற விதி. இன்னும் முடிவடையாத வேலையைக் கூச்சமில்லாமல் காட்ட இது வழிசெய்கிறது.

துறைக்குத் துறை இந்தக் கணக்கு மாறும். கணினி அறிவியலின் பல கிளைகளில் மாநாட்டுக் கட்டுரையே இறுதி வெளியீடு. 1981இல் பெங்களூரில் தொடங்கிய எஃப்எஸ்டிடிசிஎஸ் என்னும் கோட்பாட்டுக் கணினியியல் மாநாடு இதற்கு உள்நாட்டு எடுத்துக்காட்டு. 2022 டிசம்பரில் அது சென்னை ஐஐடியில் நடந்தது. அந்தத் துறையினருக்கு அரங்கம், வராந்தா இரண்டும் வேண்டும். உயிரியலிலும் வேதியியலிலும் வராந்தாவின் எடை கூடுதல்.

சான்றிதழ் எப்படி வந்தது

இனி மூன்றாவது பதில். ‘இன்டர்நேஷனல் கான்ஃபரன்ஸ்’ என்ற பதாகை சென்னைப் புறநகர்க் கல்லூரி வாசல்களில் ஏன் இவ்வளவு அடிக்கடி தொங்குகிறது? ஆய்வாளரின் பேராசை என்று சொல்லி முடித்துவிட முடியாது. விதிகளைப் படித்தால் காரணம் தெரியும்.

பல்கலைக்கழக மானியக் குழு 2010இல் ஆசிரியர் நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் கொண்டுவந்த மதிப்பெண் முறையில், பன்னாட்டு மாநாட்டில் கட்டுரை படித்தால் 10, தேசிய மாநாட்டுக்கு 7.5, மாநில அளவுக்கு 5, கல்லூரி அளவுக்கு 3. ஒரே அரங்கு, அதே ஆட்கள், பெயர்ப்பலகையில் ஒரு சொல் மாறினால் மதிப்பெண் மும்மடங்குக்கு மேல். 2018 விதிகள் இந்த எண்களைக் குறைத்தன; படிநிலை அப்படியே நின்றது. 2016இல் வந்த முனைவர் பட்ட விதிகள் ஆய்வேடு சமர்ப்பிக்கும் முன் இதழில் ஒரு கட்டுரையும் மாநாடுகளில் இரண்டு உரைகளும் வேண்டும் என்றன. சான்றாகக் காட்டவேண்டியது என்ன என்பதையும் விதியே சொன்னது: உரையாற்றிய சான்றிதழ். ஆய்வாளர் சான்றிதழைத் தேடிப்போனார் என்றால், விதி கேட்டதைத்தான் அவர் தேடினார்.

தேவை உருவான இடத்தில் சரக்கு வந்துசேர்ந்தது. ஹைதராபாத்தில் தலைமையிடம் கொண்ட ஓமிக்ஸ் குழுமம் உலகெங்கும் மாநாடுகள் நடத்தியது. வரச் சம்மதிக்காத அறிஞர்களின் பெயர்களையும் போட்டு விளம்பரம் செய்ததாக அமெரிக்க வணிக ஆணையம் வழக்குத் தொடர்ந்தது. 2019இல் நீதிமன்றம் 5 கோடி டாலருக்கும் அதிகமான தொகையைச் செலுத்த உத்தரவிட்டது. அதற்கு முன்பே 2005இல் எம்ஐடி மாணவர்கள் மூவர், பொருளற்ற கட்டுரைகளைத் தானாக எழுதும் சைஜென் என்னும் நிரலை உருவாக்கி, அது கக்கிய கட்டுரை ஒன்றை மாநாடொன்றில் ஏற்கவைத்திருந்தார்கள். விளையாட்டு அத்தோடு நிற்கவில்லை. 2014இல் ஸ்பிரிங்கர், ஐஇஇஇ ஆகிய பதிப்பகங்கள் தம் மாநாட்டுத் தொகுதிகளிலிருந்து இத்தகைய கட்டுரைகள் 120க்கும் மேல் நீக்க நேர்ந்தது. பெரிய பதிப்பகத்தின் பெயர் இருக்கிறது, ஸ்கோபஸ் தரவுத்தளத்தில் வரும் என்ற உத்தரவாதங்களை ஆய்வாளர் எவ்வளவு நம்பலாம் என்பதற்கு இது ஓர் அளவுகோல்.

மானியக் குழுவே பின்வாங்கியது. போலி மாநாட்டு உரைகளுக்கு எந்தக் கல்விப் பயனும் தரக்கூடாது என்று 2019இல் அறிவித்தது. 2022 நவம்பர் விதிகளில் வெளியீடு, மாநாட்டு உரை இரண்டையும் கட்டாயப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. பல்கலைக்கழகங்கள் தம் சொந்த நிபந்தனைகளை வைத்துக்கொள்ள இன்னும் இடமுண்டு.

இந்தத் தரப்பிலும் ஒரு பலவீனம் இருக்கிறது. கல்லூரி மாநாடு என்றாலே வீண் என்று ஒதுக்குகிறவர்கள் பெருங்கூட்டங்களுக்கு அதே அளவுகோலைப் பிடிப்பதில்லை. 2011 ஜனவரியில் இந்திய அறிவியல் மாநாட்டின் 98ஆவது கூட்டம் தாம்பரம் தாண்டிய காட்டாங்கொளத்தூரில், எஸ்ஆர்எம் பல்கலைக்கழகத்தில் நடந்தது, பிரதமர் தொடங்கிவைத்தார். ஐந்து ஆண்டு கழித்து, சிதம்பரத்தில் பிறந்த நோபல் அறிஞர் வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் அந்த மாநாட்டையே சர்க்கஸ் என்றார். 2023 நாக்பூர் கூட்டத்துக்குப் பின் மத்திய அரசின் அறிவியல் துறை ஆதரவை விலக்கிக்கொள்ள, 2024இல் அது கூடவே இல்லை. மறுபுறம், முதன்முதலாக ஆங்கிலத்தில் 10 நிமிடம் நின்று பேசிப் பழக, பக்கத்துக் கல்லூரி மாநாட்டைவிடச் செலவு குறைந்த இடம் ஒரு பகுதி நேர ஆய்வாளருக்குக் கிடைக்காது. ஒன்றிரண்டு முறை அது பயன். பத்தாவது முறை அது கோப்பு.

கை உயர்த்துவது யார்

மேலே சொன்ன பதில்கள் எல்லாமே, ஆய்வாளர் வாய் திறப்பார் என்று எடுத்துக்கொள்கின்றன. 10 நாடுகளில் 35 நிறுவனங்களின் 247 கருத்தரங்குகளைக் கவனித்து 2018இல் வெளியான ஆய்வின்படி, அரங்கில் இருபாலரும் சமமாக இருந்தாலும் பெண்கள் கேள்வி கேட்கும் வாய்ப்பு ஆண்களைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு குறைவு. முதல் கேள்வியை ஆண் ஒருவர் கேட்டுவிட்டால் இந்த இடைவெளி கூடுகிறது. அமர்வுத் தலைவர்களுக்கு இதில் கைமேல் ஒரு வழி இருக்கிறது: முதல் கேள்வியை இளையவரிடம், குறிப்பாகப் பெண் ஆய்வாளரிடம் கொடுப்பது. நெறியாளர்களுக்கும் ஒரு வேலை உண்டு. தன் மாணவியை இன்னொரு பேராசிரியரிடம் பெயர் சொல்லி அறிமுகப்படுத்த அரை நிமிடம் போதும். ‘சார் பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே போகக்கூடாது’ என்ற நம் மரியாதைப் பழக்கத்தை மாணவியால் தாண்டமுடியாத இடத்தில், நெறியாளரால் தாண்டமுடியும்.

போஸ்டர் அமர்வுகள் கூச்சத்துக்கு இன்னொரு மருந்து. 1969இல் மாட்ரிடில் நடந்த ஐரோப்பிய உயிர்வேதியியல் சங்கங்களின் கூட்டத்தில் இவை தொடங்கியதாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. நம் கல்லூரிகளில் போஸ்டரை வாய்மொழி உரைக்கு ஒரு படி கீழாகவே கருதுகிறார்கள். ஆய்வு பாதியில் நிற்பவருக்கு நிலைமை நேர்மாறு: மேடையில் 10 நிமிடமும் இரண்டு கேள்வியும், போஸ்டர் முன் ஒருவரோடு அரை மணி, அதுவும் தமிழிலேயே பேசக்கூட வாய்ப்பு.

அவையை அழைத்து வருதல்

நான்காவது பதில் சென்னையுடையது. பிரின்ஸ்டனில் ஓராண்டு இருந்துவிட்டுத் திரும்பிய இயற்பியலாளர் அல்லாடி ராமகிருஷ்ணன், அங்கு கண்ட கருத்தரங்குகளைத் தன் வீட்டிலேயே நடத்தத் தொடங்கினார். மயிலாப்பூரின் ‘ஏகாம்ர நிவாஸ்’ வீட்டில் கூடிய அந்தக் கோட்பாட்டு இயற்பியல் வட்டத்துக்கு 1960இல் டேனிஷ் இயற்பியலாளர் நீல்ஸ் போர் வந்தார். மாணவர்கள் கடல் கடக்கவில்லை. கேள்வி கேட்க வேண்டியவரே வந்தார். 1962 ஜனவரி 3 அன்று கணித அறிவியல் நிறுவனம் பிறந்தது. தொடக்கவிழாவுக்கு வந்திருந்தவர் சந்திரசேகர். இந்த வழியின் பலவீனம், அது ஒரு தனிமனிதரின் தொடர்புகளையும் பிடிவாதத்தையும் நம்பியிருந்தது. தாம்பரத்துக்கும் இப்படி ஒரு பழைய நினைவு உண்டு: 1938 டிசம்பரில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் நடந்த உலக மறைப்பணி மாநாட்டால், ‘தாம்பரம்’ என்ற பெயரே இறையியல் நூல்களில் ஒரு விவாதத்தின் பெயராகிவிட்டது. ஊர் பெயர் பெற்றது. ஊரில் ஒரு தொடர்ந்த அவை உருவானதா என்பது வேறு விஷயம்.

கணித அறிவியல் நிறுவனம் இன்று தரமணியில் இருக்கிறது, குன்றத்தூரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். அங்கும், ஐஐடி துறைகளிலும், சிறுசேரியின் சென்னைக் கணிதக் கழகத்திலும் ஆண்டு முழுக்கக் கருத்தரங்குகள் நடக்கின்றன. பலவற்றுக்குப் பதிவுக் கட்டணமே கிடையாது. செலவுக் கணக்கைப் பார்க்கலாம். மத்திய அரசின் இளநிலை ஆய்வு உதவித்தொகை (ஜேஆர்எஃப்) 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். நெட் தகுதித் தேர்வில் தேறாமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்பவருக்கு 8,000. பகுதி நேர ஆய்வாளருக்கு இரண்டும் இல்லை. வெளிநாட்டு மாநாடு ஒன்றின் பதிவுக் கட்டணமே பல நூறு டாலர். அரசின் பயண உதவித் திட்டங்களும் கணினியியலாளர் சங்கமான ஏசிஎம் இந்தியா போன்றவற்றின் பயண நல்கைகளும் உண்டு, தேர்வாகிறவர்கள் சிலர். இந்த நிலையில், ஒரே துறையின் கருத்தரங்குக்கு மாதம் ஒருமுறை தரமணிக்குப் போய், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, ஆறு மாதத்தில் முகம் தெரிந்தவராவது, பெருமாநாடு ஒன்றில் மூன்று நாள் அலைவதைவிடக் கூடுதல் பலன் தரக்கூடும் என்பது இக்கட்டுரையின் சாய்வு. கிரானோவெட்டர் சொன்ன அரைகுறைப் பழக்கம் திரும்பத் திரும்பப் பார்ப்பதால்தான் உருவாகிறது.

முடிவாகாதவை

இந்தச் சாய்வையும் அளவோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். நம்பத்தகுந்த அளவீடுகள் அமெரிக்காவில் எடுக்கப்பட்டவை. அங்கே அளக்கப்பட்டது கட்டுரையின் மேற்கோளும் நிதி விண்ணப்பமும். ஆய்வேட்டின் தரமோ ஆய்வாளரின் துணிவோ அளக்கப்படவில்லை. வாரம் 16 மணி நேரம் வகுப்பெடுக்கும் ஒருவருக்கு அந்த 5 சதவீதப் புள்ளிகள் எவ்வளவாகச் சுருங்கும், அல்லது ஒரே ஒரு அறிமுகம் அவருக்கு இன்னும் பெரிதாக உதவுமா என்பதை அந்த ஆய்வுகளிலிருந்து ஊகிக்க முடியாது. இணையவழி மாநாடுகள் 2020க்குப் பின் பயணச் செலவையும் விசாச் சிக்கலையும் நீக்கின. 2019இல் அமெரிக்கப் புவி இயற்பியல் ஒன்றியத்தின் ஒரே கூட்டத்துக்கான பயணங்கள் சுமார் 80,000 டன் கரிம உமிழ்வுக்குக் காரணமாயின என்று கணக்கிடப்பட்டிருப்பதால், சூழல் நோக்கிலும் இணைய வழிக்கு வலுவான ஆதரவு இருக்கிறது. அரங்கின் உரை இணையத்தில் கிடைத்துவிடுகிறது. வராந்தாவை அங்கே கட்ட இதுவரை எடுத்த முயற்சிகள் பாதி வெற்றிதான்.

புறநகரில் கவனிக்க வேண்டியது 2022 விதியின் விளைவு. சான்றிதழ் கட்டாயம் விலகியபின் பதிவு செய்தவர்களின் முதல் அணி இப்போதுதான் ஆய்வேடு எழுதும் கட்டத்துக்கு வந்துகொண்டிருக்கிறது. அவர்கள் எந்த மாநாடுகளுக்குத் தாமாகப் போகிறார்கள், எவற்றைக் கைவிடுகிறார்கள் என்று ஒரு பல்கலைக்கழகம் கணக்கெடுத்தாலும், மேலே சொன்ன நான்கு பதில்களில் எது இங்கே நிற்கிறது என்று பேச முதன்முறையாக உள்ளூர்ச் சான்று கிடைக்கும்.